புதுச் சுவருக்கு அவசரப்பட்டு பெயின்ட் அடிக்காதீங்க!

கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சாச்சு. பத்திரிகையும் அடிச்சாச்சு. பூச்சு வேலை முடிந்து பத்து நாள்தான் ஆகிறது. ‘அதான் காய்ஞ்சிடுச்சே சார், நாளைக்கே பெயின்ட் அடிச்சிடலாம்!’ என்கிறார் பெயின்டர். தொட்டுப் பார்க்கிறீர்கள். ஈரம் தெரியவில்லை. ‘சரி’ என்று தலையாட்டிவிடுகிறீர்கள்.

சமவெளியிலேயே இது தப்பு. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏற்காட்டில் வீடு கட்டுகிறவர்களுக்கோ பெரிய தப்பு. கெடப்போவது சுவர் மட்டுமல்ல, உங்கள் குழந்தையின் மூச்சும்தான்!

சுவருக்குள் இருக்கும் தண்ணீர்

50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்றுக்குச் சுமார் 25 லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கலவை போடுகிறார்கள். அதில் பாதிதான் சிமென்ட்டோடு சேர்ந்து இறுகுகிறது. மீதி ஆவியாகி வெளியே போயாக வேண்டும். பிறகு ஒரு வாரம் சுவருக்குத் தண்ணீர் அடிக்கிறோமே, அதுவும் போகணும்.

சமவெளியில் இதற்கு நாலு வாரமாவது ஆகும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழை, பனிமூட்டம், குளிர்... காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது சுவர் தன் ஈரத்தை யாரிடம் கொடுக்கும்? அதனால் இங்கே இன்னும் பல வாரம் பொறுக்கணும். பெயின்ட் வேலைக்கு மழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்கள் வசதி.

பொறுக்காவிட்டால்?

புது சிமென்ட் பூச்சு கடும் காரத்தன்மை உடையது. ஈரத்தோடு சேர்ந்த காரம் ஆயில் பெயின்ட்டைச் சோப்பு மாதிரி கரைத்து உரித்துவிடும். வெள்ளையாக உப்புப் பூக்கும். அப்புறம் பீரோவுக்குப் பின்னால், கட்டில் மூலையில் கறுப்புப் புள்ளிகள். அதுதான் பூஞ்சணம். அதன் நுண்விதைகள் காற்றில் பறந்து மூச்சோடு உள்ளே போகும். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமா, இருமல், இளைப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே சொல்லியிருக்கிறது.

சீக்கிரம் காயட்டும் என்று அறையில் கரி அடுப்பு மூட்டி, கதவைச் சாத்திவிட்டு அங்கேயே படுக்காதீர்கள். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்ஸைடு தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். ஜன்னல்களைத் திறந்து மின்விசிறி போடுங்கள், போதும்.

காய்ந்துவிட்டதா? நீங்களே பாருங்கள்!

இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நாலு ஓரமும் டேப் ஒட்டிவிடுங்கள். மறுநாள் உள்பக்கம் நீர்த்துளி இருந்தால் சுவர் காயவில்லை.

மலையை வெட்டிக் கட்டிய வீடா? மண்மேட்டை ஒட்டிய பின்சுவரைத் தனியாகச் சோதியுங்கள். வெளியிலிருந்து நீர் கசிந்தால் எத்தனை மாதம் பொறுத்தாலும் காயாது. முதலில் மண்ணை விலக்கி, வடிகால் போட்டு, கசிவை நிறுத்தணும்.

வேலையின் வரிசை

பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டால் உப்பு திரும்ப உள்ளே போய்விடும். அடுத்து பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் ஒரு கோட், எமல்ஷன் இரண்டு கோட். ஒவ்வொரு கோட்டும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. பனிமூட்டம் இறங்கிய நாளில் வேலையை நிறுத்திவிடுவது நல்லது.

பட்டி தேய்க்கும்போது பறக்கிற தூசு நுரையீரலுக்கு ஆகாது. தேய்ப்பவருக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், வீசிங் உள்ளவர்கள் பெயின்ட் வாடை போகும்வரை அங்கே தூங்க வேண்டாம்.

ஜன்னல் கிரில்லுக்கு வாங்கும் எனாமல் டப்பாவில் ஈயத்தின் அளவைப் பாருங்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதற்கு முன் அடித்த பழைய பெயின்ட் என்றால் காய்ந்தபடி சுரண்டாதீர்கள், நனைத்துத் தேய்த்து எடுங்கள்.

‘அப்போ கிரகப்பிரவேசம்?’

தள்ளிப்போட வேண்டாம். இப்போதைக்குச் சுண்ணாம்பு அடித்துக் குடிபோங்கள். சுண்ணாம்பு சுவரின் ஈரத்தை வெளியே விடும். அதன் காரத்தன்மை பூஞ்சணத்தையும் எளிதில் அண்டவிடாது. கண்ணில் மட்டும் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளணும். சுவர் காய்ந்த பிறகு அதைச் சுரண்டிவிட்டு உங்கள் மனசுக்குப் பிடித்த கலரை அடிக்கலாம்.

வெள்ளைச் சுவரைப் பார்த்து விருந்தாளிகள் ஏதாவது சொல்வார்கள்தான். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த வீட்டில் தினமும் மூச்சு விடப்போவது நீங்கள்தானே!