பெயர் கேட்காத ஃபார்மும் ஆளைக் காட்டிக் கொடுக்கும்

போன வருஷம் ஏப்ரல்ல நம்ம வாட்ஸ்அப் குரூப்ல ஒரு கூகுள் ஃபார்ம் சுத்துச்சு, ஞாபகம் இருக்கா? "நம் வளாகத்தில் நீங்கள் பாதுகாப்பாக உணர்கிறீர்களா?" என்று ஆரம்பிக்கும். நாக் குழு வர்றதுக்கு முன்னாடி மாணவர்களோட கருத்தை எடுத்து வைக்கணும்னு மேலிடத்துல சொன்னாங்க. அந்த ஃபார்மை உட்கார்ந்து தயார் பண்ணது நான்தான்.

பெருமையாத்தான் பண்ணேன். பெயர் கேட்கல, ரோல் நம்பர் கேட்கல, ஈமெயிலைச் சேகரிக்கிற ஆப்ஷனையும் மறக்காம அணைச்சு வச்சேன். மேல தடிச்ச எழுத்துல "நீங்கள் யார் என்பது யாருக்கும் தெரியாது" என்றும் போட்டேன். அதுக்குக் கீழே துறை, ஆண்டு, பாலினம், மதம், ஹாஸ்டலா டே ஸ்காலரா என்று ஐந்து கேள்வி. அப்புறம் கிண்டல், ஒதுக்கல் பற்றிய கேள்விகள். கடைசியில, நாம எவ்வளவு முற்போக்கு பாருன்னு காட்ட, "நீங்கள் தன்பாலீர்ப்பாளரா?" என்று ஒன்று. (அந்த வார்த்தையைத் தேடிக் கண்டுபிடிச்சதே தனிக்கதை. இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்குத் தமிழ்ல தெரிஞ்சதெல்லாம் வசவுச் சொற்கள் மட்டும்தான். இந்தப் பிரிவினரை மரியாதையா எப்படிச் சொல்லணும்னு, நீதிமன்றம் சொன்னதுக்கு அப்புறம், தமிழ்நாடு அரசே 2022ல் அரசிதழில் ஒரு சொற்பட்டியல் வெளியிட்டிருக்கு.)

ரெண்டு நாள் கழிச்சு கேண்டீன்ல ஒரு ஜூனியர் பொண்ணு வந்து கேட்டா: "அண்ணா, அதை ஃபில் பண்ணா நான்தான்னு தெரியாதா?"

"பேரே கேட்கலயேம்மா."

"எங்க கிளாஸ்ல பொண்ணுங்க நாலே பேருண்ணா. அதுல முஸ்லிம் நான் ஒருத்திதான்."

அன்னைக்கு ராத்திரி ரூம்ல ஷீட்டைத் திறந்தேன். 212 பதில் வந்திருந்தது. அந்த ஐந்து கேள்வியையும் சேர்த்து ஃபில்டர் போட்டுப் பார்த்தா, 37 வரிகள் தனித்தனியா நின்னுச்சு. அதாவது அந்தத் துறை, அந்த ஆண்டு, அந்தப் பாலினம், அந்த மதம், அந்தத் தங்குமிடம் எல்லாம் சேர்ந்து வர்ற வரி ஷீட்லயே ஒன்றே ஒன்றுதான். அதுல பாதிப் பேரை எனக்கு முகத்தோட தெரியும். சின்ன காலேஜ், மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் பேர். ஒரே பஸ், ஒரே மெஸ்.

ஒரு வரியில கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்று இருந்தது. யாருன்னு எனக்கு ரெண்டு செகண்ட்ல புரிஞ்சிடுச்சு. அவன் என்கிட்ட சொன்னதில்லை. யார்கிட்டயும் சொல்லியிருப்பான்னு தோணல. பெயர் கேட்காத ஃபார்ம்னு நம்பி எழுதியிருக்கான், நான் அதைப் படிச்சிட்டேன். லேப்டாப்பை மூடினதுக்கப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, அந்த ஷீட் இன்னும் மூணு பேருக்கு ஷேர் ஆகியிருக்கு.

இதுக்குப் புள்ளியியல்ல ஒரு பெயரே இருக்கு. அமெரிக்காவுல லதான்யா ஸ்வீனி என்ற கணினி விஞ்ஞானி 2000ல் ஒரு கணக்கு போட்டுக் காட்டினார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு, இந்த மூணு தெரிஞ்சா போதும், அமெரிக்க மக்கள்ல சுமார் 87 சதவீதம் பேரைத் தனியா பிரிச்சுக் காட்டிடலாம். அதுக்கு முன்னாடியே, மாசசூசெட்ஸ்ல பெயரை நீக்கிட்டு ஆராய்ச்சிக்குக் கொடுத்த மருத்துவப் பதிவுகளையும் விலைக்குக் கிடைக்கிற வாக்காளர் பட்டியலையும் ஒட்டிப் பார்த்து, அந்த மாநில ஆளுநரோட பதிவையே எடுத்துக் காட்டினவர் அவர். அதுல இருந்து வந்த விதிதான் கே-அனானிமிட்டி. ஒரு ஷீட்ல எந்த வரியை எடுத்தாலும், அதே அடையாளங்களோட குறைஞ்சது கே பேராவது இருக்கணும். கே என்பது 5 என்றால், நீங்க அஞ்சு பேர் கூட்டத்துல ஒருத்தர். என் ஷீட்ல 37 பேருக்கு கே = 1.

இதுல இன்னொரு ஓட்டையும் உண்டு. ஒரே மாதிரி அஞ்சு பேர் இருந்தாலும், அஞ்சு பேருமே "ஆம், என்னைச் சாதி சொல்லிப் பேசினாங்க" என்று எழுதியிருந்தா, யார் எந்த வரின்னு தெரியாமலே எல்லாரோட பதிலும் தெரிஞ்சுபோகும். அதனால கே மட்டும் பார்த்தா பத்தாது.

சரி, தெரிஞ்சா என்ன ஆயிடப்போகுதுன்னு சிலர் கேட்கலாம். என் கூட இருக்கிறவங்களே கேட்டாங்க. சட்டம் நம்ம பக்கம்தானேன்னு. ஆமா, பேப்பர்ல நம்ம பக்கம்தான். 377ஆம் பிரிவுல வயது வந்தவர்களின் சம்மத உறவைக் குற்றமாக்கியதை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் தேதி நீக்கிடுச்சு. 2016ல் யுஜிசி ராகிங் விதிகளைத் திருத்தி, மதம், சாதி, நிறம், மொழி, பிறந்த ஊர், திருநர் என்பது, பாலீர்ப்பு என எதை வைத்து ஒருத்தரைத் துன்புறுத்தினாலும், ஒதுக்கினாலும் அது ராகிங்தான்னு சேர்த்தது. அட்மிஷன் அப்போ நாமும் அப்பா அம்மாவும் படிக்காம கையெழுத்துப் போட்ட உறுதிமொழி இருக்கே, அதுக்குப் பின்னாடி இருக்கிற விதிகள்தான் இது. 2021 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், மதுரையிலிருந்து வீட்டை விட்டு வந்த ரெண்டு பெண்களோட வழக்குல, பாலீர்ப்பை "குணப்படுத்த" முயற்சிப்பதே கூடாது என்றார். தீர்ப்பு எழுதறதுக்கு முன்னாடி, தனக்கு இந்த விஷயம் புரியலன்னு ஒத்துக்கிட்டு ஒரு உளவியல் நிபுணர்கிட்ட போய் உட்கார்ந்து கேட்டுக்கிட்டவர் அவர். அந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு அவர் மேல மரியாதை. 2022ல் தேசிய மருத்துவ ஆணையமும் அப்படிப்பட்ட "சிகிச்சை" செய்யும் டாக்டர் மேல நடவடிக்கை எடுக்கலாம்னு சொல்லிடுச்சு.

ஆனா சின்ன காலேஜ்ல பயம் போலீஸைப் பற்றி இல்லை. வார்டன் வீட்டுக்கு ஃபோன் பண்ணிடுவாரோ என்பதுதான் பயம். ரெகுலேஷன் 2021ல தியரிக்கு 40 மார்க் இன்டர்னல், அது யார் கையில இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். புகார்ப் பெட்டி எங்க இருக்கு? எச்.ஓ.டி. ரூம் வாசல்ல, சிசிடிவிக்கு நேர் கீழே. நோன்பு நேரத்துல மெஸ்ல சாப்பாடு எடுத்து வைக்கச் சொல்லிக் கேட்டவனை "உங்களுக்குன்னு தனி மெஸ்ஸா?" என்று கேட்டது, ஸ்காலர்ஷிப் லிஸ்ட்டை கிளாஸ்ல சத்தமா வாசிச்சது, நடக்கிற விதத்தை வச்சு ஒருத்தனுக்குப் பெண் பெயர் வச்சு நாலு வருஷம் கூப்பிட்டது... இதுல எதுவுமே அந்தப் பெட்டிக்குள்ள போனதில்லை. அந்தப் பெயரை நானும் முதல் வருஷம் கூப்பிட்டிருக்கேன். அவன் சிரிச்சான், அதனால அவனுக்கும் ஓகேன்னு நினைச்சுக்கிட்டேன்.

அதனாலதான் "நம்ம காலேஜ்ல இதுவரைக்கும் ஒரு புகார்கூட இல்லை" என்று மேடையில சொல்லும்போது எனக்கு லேப் ஞாபகம் வரும். சென்சார் ஒயர் கழண்டு கிடந்தாலும் டிஸ்ப்ளேல 0 தான் காட்டும்.

அப்போ கேட்கவே கூடாதா? கேட்கலாம், வேற மாதிரி கேட்கணும். 1965ல் ஸ்டான்லி வார்னர் என்பவர் ஒரு வழி கொண்டுவந்தார். அதோட எளிமையான வடிவம் இது. பதில் சொல்றவர் யாருக்கும் காட்டாம ஒரு காசைச் சுண்டுவார். தலை விழுந்தா, உண்மை எதுவா இருந்தாலும் "ஆம்". பூ விழுந்தா, உண்மையைச் சொல்லணும். இப்போ ஒருத்தர் "ஆம்" என்று எழுதியிருந்தா அது காசு சொன்னதா, அவர் சொன்னதா என்று யாராலயும் நிரூபிக்க முடியாது. ஆனா மொத்தக் கணக்கு கிடைக்கும். 200 பேர்ல சுமார் 100 பேருக்குத் தலை விழும், அவங்க எல்லாரும் "ஆம்". மொத்தம் 130 "ஆம்" வந்தா, மிச்சம் 30. பூ விழுந்த 100 பேர்ல 30, ஆக 30 சதவீதம்.

அழகா இருக்குல்ல? ஆனா ஒரு சிக்கல். காசு சரியா 100 தலை போடாது. 200 பேருக்குக் கணக்கு போட்டுப் பார்த்தா, அந்த 30 என்பது 17ல இருந்து 43 வரைக்கும் எதுவா வேணாலும் இருக்கலாம். இருபதாயிரம் பேர் படிக்கிற பல்கலைக்கழகத்துக்குச் சரி, நமக்குக் கொஞ்சம் மங்கலான படம்தான். மெக்ல இருக்கிற நாலு பொண்ணுங்களுக்கு இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

யோசிச்சு யோசிச்சு எனக்குத் தோணினது, தப்பு கணக்குல இல்லை, கேள்வியில. நான் மூணு பேரைக் கூப்பிட்டு "உனக்கு என்ன வலிக்குது, நீ யார்?" என்று கேட்டேன். மீதி 200 பேரை எதுவும் கேட்கல. தலைகீழா கேட்டிருக்கணும். "இந்த செமஸ்டர்ல உங்க முன்னாடி யாரையாவது மதம், சாதி, பேச்சு, நடை வச்சு கிண்டல் பண்ணதைக் கேட்டீங்களா? எங்க? ஹாஸ்டலா, பஸ்ஸா, லேபா? சொன்னது மாணவரா, ஸ்டாஃபா? நீங்க அப்போ என்ன பண்ணீங்க?" இதுக்கு பதில் சொல்ல யாரும் தான் யாருன்னு சொல்ல வேண்டாம். அந்த ஜூனியர் பொண்ணும் எழுதலாம், அவளைக் கிண்டல் பண்ணவன் பக்கத்துல உட்கார்ந்திருந்தவனும் எழுதலாம். நாக் ஃபைலுக்கு மதவாரியா டேபிள் கிடைக்காது, பரவாயில்லை. பஸ் எண் 4ல் கடைசி சீட்டுல பிரச்சனைன்னு தெரிஞ்சா, அதைச் சரி பண்ண யாரோட மதமும் தேவையில்லை.

மறுநாளே சார்கிட்ட போய் ஷீட்டை அழிக்கணும்னு கேட்டேன். "ரிப்போர்ட்டுக்கு வேணும்ப்பா" என்றார். ஒரு வாரம் இழுபறி. கடைசியில மதம், ஹாஸ்டல், அந்தக் கடைசிக் கேள்வி மூணு காலமையும் நீக்க ஒத்துக்கிட்டார், துறையையும் ஆண்டையும் ஒண்ணா சேர்த்தோம், பத்துப் பேருக்குக் குறைவான எந்தக் கட்டத்தையும் ரிப்போர்ட்ல போடல. பழைய ஷீட்டை வேற யாராவது டவுன்லோட் பண்ணாங்களான்னு கேட்டதுக்கு ரெண்டு பேர் இல்லன்னாங்க. மூணாவது ஆள் ஞாபகம் இல்லன்னார்.

அந்த வரிக்குச் சொந்தக்காரன்கிட்ட நான் இன்னும் எதுவும் சொல்லல. சொன்னா, எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிஞ்சிடும். சொல்லலன்னா, அந்த மூணாவது ஆளைப் பற்றி அவனுக்குத் தெரியவே தெரியாது. ரெண்டுல எது சரின்னு யாராவது எனக்குச் சொல்லுங்க.

புது ஃபார்ம் அடுத்த திங்கள் குரூப்ல வரும். எட்டுக் கேள்வி. நீங்க யாருன்னு ஒண்ணுலயும் கேட்கல.