கடலூரில் முடிந்த அமெரிக்கப் போர்

புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுக் குடியிருப்பில் சுஃப்ரென் பெயரில் ஒரு வீதி இருக்கிறது. புஸ்ஸி வீதியும் இருக்கிறது. லால் பகதூர் சாஸ்திரி வீதி என்று பலகை மாறிய பிறகும் ஊர்க்காரர்கள் வாயில் அது புஸ்ஸி வீதிதான். அந்தப் பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதிகூட இருந்தது. இந்த இருவரும் யார் என்று விசாரித்தால் "யாரோ பிரெஞ்சுக்காரர்கள்" என்பதற்கு மேல் பதில் கிடைப்பது அரிது. அமெரிக்கா விடுதலை பெற்ற போரின் கடைசிப் பெரிய சண்டையை நடத்தியவர்கள் இவர்கள். சண்டை நடந்தது இங்கிருந்து தெற்கே இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் உள்ள கடலூரில், 1783 ஜூன் மாதம்.

அட்லாண்டிக் கரையில் மூண்ட போர் கெடிலம் ஆற்றங்கரைக்கு எப்படி வந்தது என்று பார்த்தால், பெரிய போர்களில் கூட்டாளி நாடுகள் செய்யும் வேலை தெளிவாகப் புரியும். கூட்டாளி என்றதும் தோளோடு தோள் நின்று சுடுகிறவர் நம் நினைவுக்கு வருகிறார். அதுவும் உண்டுதான். ஆனால் அதைவிடப் பெரிய உதவி, எதிரியை ஒரே நேரத்தில் நாலு இடத்தில் நிற்க வைப்பது. பணமும் கப்பலும் ஆளும் யாருக்கும் அளவோடுதான் இருக்கின்றன.

1775இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் ஆங்கில அரசை எதிர்த்துக் கிளம்பியபோது அவர்களிடம் கடற்படை என்று சொல்லத்தக்கதே கிடையாது, வெடிமருந்தும் போதவில்லை. பிரான்ஸ் முதலில் திரைமறைவில் உதவியது. பூமார்ஷே என்ற நாடக ஆசிரியர் 1776இல் பெயருக்கு ஒரு வணிக நிறுவனத்தைத் தொடங்கி, அதன் பேரில் துப்பாக்கியும் வெடிமருந்தும் அனுப்பினார். நாடகக்காரர் ஆயுத வியாபாரி ஆன கதை தனிக் கட்டுரைக்கு உரியது. 1777 அக்டோபரில் சரடோகாவில் ஓர் ஆங்கிலப் படை முழுதாகச் சரணடைந்ததும் பிரான்ஸுக்குத் துணிச்சல் வந்தது. 1778 பிப்ரவரி 6இல் வெளிப்படையாகவே கூட்டணி ஒப்பந்தம் போட்டது.

சுதந்திரத்தின் மேல் இருந்த பற்றால் பதினாறாம் லூயி மன்னர் இதைச் செய்யவில்லை. ஏழாண்டுப் போரில் ஆங்கிலேயரிடம் கனடாவை இழந்திருந்தது பிரான்ஸ், இந்தியாவிலும் தோற்றிருந்தது. 1761இல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர் கோட்டையை இடித்து நகரையும் தரைமட்டமாக்கியிருந்தார்கள். அந்தக் கணக்கைத் தீர்க்கத்தான் பிரான்ஸ் வந்தது. கூட்டாளிக்குச் சொந்தக் கணக்கு ஒன்று இருக்கும் என்பதை இங்கேயே மனதில் குறித்துக்கொள்வது நல்லது. கடைசியில் அதுதான் விளையாடப் போகிறது.

ஒப்பந்தத்தின் விலையை முதலில் கொடுத்தது புதுச்சேரி. பிரான்ஸோடு போர் என்ற செய்தி சூயஸ் வழியாக 1778 ஜூலையிலேயே கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ் காத்திருக்கவில்லை. ஆகஸ்டில் கடலில் ஒரு சண்டை நடந்தது. பிரெஞ்சுக் கப்பல்கள் கரையைக் கைவிட்டுப் போயின. மன்ரோ தலைமையில் வந்த ஆங்கிலப் படை நகரைச் சூழ்ந்தது. ஆளுநர் பெல்கோம், பாதி கட்டி முடித்த மதில்களை வைத்துக்கொண்டு அக்டோபர் மூன்றாம் வாரம் வரை தாக்குப்பிடித்தார். சரணடைந்த பிறகு கோட்டை மீண்டும் இடிக்கப்பட்டது. தமிழில் இந்தக் காலத்தை அறிய இரண்டாம் வீராநாயக்கர் நாட்குறிப்பு இருக்கிறது. 1778இல் தொடங்கி 1792 வரை போகிறது. அதற்கு முன் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளைக்குக் கிடைத்த புகழில் கால்வாசிகூட அதற்குக் கிடைக்கவில்லை என்பது வருத்தம்தான்.

அடுத்தது மாஹே. இன்றைக்கும் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் ஒரு துண்டாக மேற்குக் கரையில் இருக்கிறதே, அதேதான். 1779 மார்ச்சில் ஆங்கிலேயர் அதைப் பிடித்தார்கள். மைசூரை ஆண்ட ஐதர் அலிக்கு ஆயுதங்கள் வந்து இறங்கிய துறைமுகம் அது. தன் பாதுகாப்பில் இருக்கிறது, தொடாதீர்கள் என்று அவர் எச்சரித்தும் கேட்கவில்லை. ஆங்கிலேயர் மேல் அவருக்குப் பழைய கோபமும் உண்டு. 1769இல் உதவி செய்வதாக உடன்படிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு, மராத்தியர் மைசூர் மேல் பாய்ந்தபோது கம்பெனி கைவிரித்தது. இப்போது ஐதர் மராத்தியரோடும் நிஜாமோடும் ஒரு புரிதலுக்கு வந்து, 1780 ஜூலையில் பெரும்படையோடு கர்நாடகப் பகுதிக்குள், அதாவது இன்றைய வட தமிழகத்துக்குள் இறங்கினார்.

செப்டம்பர் 10இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பெரிய ஓவியமாக இருப்பது இந்தச் சண்டைதான். புதுச்சேரியை வென்ற அதே மன்ரோ, கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். சென்னையைக் காப்பாற்ற வங்காளத்திலிருந்து தளபதி அயர் கூட்டும் படையும் பணமும் கப்பலேறி வந்தாக வேண்டியிருந்தது. இதற்குள் ஸ்பெயின் 1779இலும், ஹாலந்து 1780 முடிவிலும் போருக்குள் வந்திருந்தன. ஜிப்ரால்டர், மேற்கிந்தியத் தீவுகள், ஆங்கிலக் கால்வாய், வங்கக் கடல் என்று இங்கிலாந்து எங்கெல்லாம்தான் கப்பல் அனுப்பும்? ஐதரின் பெயர் அமெரிக்காவிலும் தெரிந்திருந்தது. பென்சில்வேனியாக்காரர்கள் ஒரு போர்க்கப்பலுக்கு 'ஐதர் அலி' என்றே பெயர் வைத்தார்கள்; அது 1782இல் ஆங்கிலக் கப்பல் ஒன்றைப் பிடிக்கவும் செய்தது.

1781 மார்ச் 22 முக்கியமான நாள். அன்று பிரான்ஸின் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து ஒரு பெரிய கப்பல் அணி புறப்பட்டது. அட்லாண்டிக்கில் அது இரண்டாகப் பிரிந்தது. தெ கிராஸ் தலைமையில் பெரும்பகுதி மேற்கே போனது. அவர் செப்டம்பரில் செசபீக் விரிகுடாவை அடைத்துக்கொண்டார். யார்க்டவுனில் இருந்த ஆங்கிலத் தளபதி காரன்வாலிஸுக்குக் கடல் வழி மூடிவிட்டது. தரையில் வாஷிங்டனின் படைக்குப் பக்கத்தில் ரோஷாம்போவின் பிரெஞ்சுப் படை நின்றது. அக்டோபர் 19இல் காரன்வாலிஸின் படை ஆயுதத்தைக் கீழே வைத்தது. அமெரிக்க மண்ணில் போர் ஏறக்குறைய முடிந்த கதை.

ஐந்து போர்க்கப்பல்களோடு தெற்கே திரும்பியவர் சுஃப்ரென். மொரீஷியஸில் இருந்த கப்பல்களோடு சேர்ந்து 1782 தொடக்கத்தில் சோழமண்டலக் கரைக்கு வந்தார். வந்தவருக்குக் கப்பலை நிறுத்திப் பழுது பார்க்க ஒரு துறைமுகம் இல்லை. புதுச்சேரி இடிபாடாகக் கிடந்தது. ஹாலந்துக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தையும் திருகோணமலையையும் ஆங்கிலேயர் அதற்குள் பறித்திருந்தார்கள். பரங்கிப்பேட்டையில் துருப்புகளை இறக்கினார். ஏப்ரலில் மைசூர்ப் படையோடு சேர்ந்து பிரெஞ்சுக்காரர்கள் கடலூரைப் பிடித்தார்கள். சதுரங்கப்பட்டினம், இலங்கையின் கிழக்குக் கரை, நாகப்பட்டினம், திருகோணமலை என்று ஆங்கிலத் தளபதி ஹியூஸோடு அந்த ஒரே ஆண்டில் நான்கு கடற்சண்டை போட்டார். திருகோணமலையையும் கைப்பற்றினார். ஜூலையில் கடலூர் அருகே ஐதரும் அவரும் சந்தித்துக்கொண்டார்கள். ஆனால் வந்திறங்கிய பிரெஞ்சுத் தரைப்படைத் தளபதிகள் தலைமை ஏற்க வரவிருந்த புஸ்ஸியையே எதிர்பார்த்து உட்கார்ந்திருந்ததில் ஐதருக்கு எரிச்சல்.

இந்த இடத்தில் ஆங்கிலேயர் செய்ததையும் கவனிக்க வேண்டும். எதிர்க்கூட்டணியை அவர்கள் களத்தில் உடைத்ததைவிடப் பேச்சுவார்த்தையில் உடைத்ததுதான் அதிகம். நிஜாமை முதலிலேயே விலக்கிவிட்டார்கள். 1782 மே மாதம் சால்பாய் உடன்படிக்கையில் மராத்தியரையும் பிரித்தெடுத்தார்கள். இதில் ஹேஸ்டிங்ஸின் மூளைக்கு இருக்கும் பங்கு, கூட்டின் வாளுக்கு இருக்கும் பங்கைவிடக் குறைவில்லை என்பது என் கணிப்பு. டிசம்பர் 7இல் ஐதர் இறந்தார். மகன் திப்பு பொறுப்பேற்றார், பம்பாயிலிருந்து வந்த ஆங்கிலப் படை பிதனூரைப் பிடித்ததால் அவர் மேற்கே ஓட வேண்டியதாயிற்று.

ஆகவே 1783 மார்ச்சில் அறுபது தாண்டிய புஸ்ஸி படையோடு வந்து இறங்கியபோது திப்புவின் பெரும்படை பக்கத்தில் இல்லை. ஜூன் 13இல் ஜெனரல் ஸ்டூவர்ட் கடலூரைத் தாக்கினார். ஒரே நாளில் ஆங்கிலேயர் பக்கம் சுமார் ஆயிரம் பேர் மாண்டும் காயம்பட்டும் விழுந்தார்கள். புஸ்ஸி ஊருக்குள் ஒடுங்கினார். ஜூன் 20இல் சுஃப்ரென் 15 கப்பல்களோடு வந்து 18 கப்பல்கள் வைத்திருந்த ஹியூஸோடு மோதினார். ஆள் போதாமல் புஸ்ஸியின் சிப்பாய்களில் சுமார் 1,200 பேரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். கடல் பக்கம் துணையில்லாமல் முற்றுகையிட்டவரே மாட்டிக்கொள்ளும் நிலை வந்தது. ஜூன் கடைசியில் ஒரு கப்பல் சமாதானக் கொடியோடு வந்தது. இங்கிலாந்தும் பிரான்ஸும் ஜனவரி 20ஆம் தேதியே முதற்கட்ட அமைதி உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டனவாம்! ஐந்து மாதத்துக்கு முன்பே முடிந்துபோன போரில்தான் கடலூரில் அத்தனை பேர் செத்தார்கள்.

பங்கு பிரித்ததைப் பார்ப்போம். அமெரிக்கா 1783 செப்டம்பர் 3இல் சுதந்திர நாடாக ஏற்கப்பட்டது. ஸ்பெயினுக்கு மினோர்காவும் ஃபுளோரிடாவும். ஹாலந்து நாகப்பட்டினத்தை நிரந்தரமாக இழந்தது. பிரான்ஸுக்குப் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாம் திரும்பக் கிடைத்தன. போருக்காக நூறு கோடி லிவ்ருக்கு மேல் செலவழித்த கஜானா எழவே இல்லை, ஆறே ஆண்டில் புரட்சி வெடித்தது. வடார்க்காட்டிலும் தஞ்சையிலும் எரிந்த ஊர்களுக்கும் பாழான ஏரிகளுக்கும் எந்த உடன்படிக்கையிலும் இடமில்லை. தஞ்சைப் பக்கம் அந்தக் காலத்தை ஐதர் கலாபம் என்று வெகுநாள் பேசினார்கள்.

திப்புவோ மங்களூர் முற்றுகையில் இருந்தார். அமைதிச் செய்தி வந்ததும் அவரோடு நின்ற பிரெஞ்சுப் படை விலகிக்கொண்டது. 1784 மார்ச்சில் அவர் தனியாக உடன்பாடு செய்ய வேண்டியதாயிற்று. அப்போதும் அவர் நம்பிக்கை விடவில்லை. 1787இல் அவருடைய தூதர்கள் இதே புதுச்சேரியிலிருந்து கப்பலேறிப் பிரான்ஸ் போனார்கள். 1788 ஆகஸ்டில் வெர்சாய் அரண்மனையில் மன்னர் அவர்களைத் தடபுடலாக வரவேற்றார். கூட்டணி மட்டும் கிடைக்கவில்லை. அடுத்த போரில் மராத்தியரும் நிஜாமும் ஆங்கிலேயர் பக்கம் நின்றார்கள். தலைமை தாங்கி வந்தவர் யார்க்டவுனில் தோற்ற அதே காரன்வாலிஸ். 1792இல் திப்பு பாதி நாட்டை எழுதிக் கொடுத்தார். மறு ஆண்டே புதுச்சேரியும் மீண்டும் ஆங்கிலேயர் கைக்குப் போனது.