கோசு நாற்று வளர்க்கும் முறை

கத்தரிச்செடியின் நுனி முறிந்தால் அது பக்கக் கிளைகள் விட்டுக் காய்க்கும். முட்டைக்கோசோ அத்தகையதன்று. ஒரு தண்டு, அதன் நுனியில் ஒரு குருத்து, அக்குருத்தினின்று ஒரு கோசு என்பதே அதன் இயல்பு. இளமையிலேயே குருத்தைப் புழு தின்றுவிடின், பின்னர் எத்துணை எருவிட்டாலும் அச்செடியில் நல்ல கோசு திரளாது. பத்து நாற்று நட்டவர் பத்துக் கோசு பெறுவர்; இரண்டு நலிந்தால் எட்டே பெறுவர். ஆதலின் இப்பயிரின் பயன் நாற்றங்காலிலேயே பெரிதும் உறுதியாகின்றது எனலாம்.

முட்டைக்கோசு, பூக்கோசு, நூற்கோல் என்பன ஒரே தாவர இனத்தின் வகைகளாம். கடுகு இவற்றிற்கு நெருங்கிய உறவு. இவை குளிர்ச்சியை விரும்புவன. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இவை செழித்து வளர்கின்றன. சமநிலத்தார் புரட்டாசியில் விதைத்துத் தை மாதத்தில் அறுவடை செய்யலாம்.

நாற்றங்கால் தரையினின்று அரை அடி உயர்ந்திருத்தல் வேண்டும். இன்றேல் ஐப்பசி மழையில் நீர் தேங்கும். நன்கு மக்கிய தொழுவுரத்தையும் மணலையும் மண்ணோடு கலந்து, 4 அங்குல இடைவெளியில் கோடு கிழித்து, அரை அங்குல ஆழத்தில் விதையை அடர்த்தியின்றித் தூவுக. மேலே வைக்கோல் பரப்பிப் பூவாளியால் நீர் தெளிக்க, 5 முதல் 7 நாட்களில் முளை தோன்றும். தோன்றியவுடன் வைக்கோலை நீக்கிவிடல் வேண்டும். வெளிச்சம் குறைந்தால் நாற்று வெளிறி நெடிது வளர்ந்து சாயும். நெருக்கமும் அதே கேட்டை விளைக்கும். எனவே ஓர் அங்குலத்திற்கு ஒன்றாகக் கலைத்துவிடுக.

நாற்றின் முதற்பகை நாற்றழுகல். மண்ணிலுள்ள பூஞ்சணங்கள் ஈரமிகுதியாற் பெருகித் தண்டின் அடியைத் தாக்க, நாற்று ஒரே இரவில் மடிந்து விழும். காலையில் மட்டும் அளவாக நீர்விடுதலும், டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சணத்தை ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் கலந்து விதைத்தலும் இதனைத் தடுக்கும். மலைநாட்டுப் புளிப்பு மண்ணில் வேர்வீக்க நோயும் உண்டு. அதன் வித்துகள் பல்லாண்டு மண்ணில் வாழ்வன. ஆதலின் நோயுற்ற நிலத்து நாற்றை வாங்கலாகாது. மண்ணிற்குச் சுண்ணாம்பு இடுதல் நன்று.

நான்கு அல்லது ஐந்து வாரங்களில் 4, 5 இலைகள் விட்டதும் நாற்று நடுதற்கு உரியதாகும். முதிர்ந்த பூக்கோசு நாற்று, செடி பெருக்குமுன் சிறு பூவை ஈன்று வீணாகும். இறுதி வாரத்தில் நீரைச் சிறிது சிறிதாகக் குறைத்தால் நாற்று உரம்பெறும். குருத்து மண்ணில் புதையாதபடி, மாலையில், ஒன்றரை அடி இடைவெளியில் நடுக.

வைரமுதுகு அந்துப்பூச்சியின் பசும்புழுக்கள் இலையைச் சல்லடையாக்கும். நடவுக்கு 15 நாள் முன்னரே ஓரத்தில் ஒரு வரிசை கடுகு விதைத்தால், அந்துகள் அதனை நாடி முட்டையிடும். அங்குச் சேரும் புழுக்களையும் அழித்தல் வேண்டும். நாடோறும் இலைகளின் அடிப்புறத்தையும் குருத்தையும் நோக்குதல் தகும்.

உழவு என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் நீர் விடுதலினும் காவலையே சிறந்ததாக வைத்தனர். ஒரே குருத்தை நம்பி நிற்கும் இப்பயிருக்கு அஃது எத்துணைப் பொருந்தும் என்பதை நாற்று வளர்ப்பார் நன்கு அறிவர்.