காரும் பணப்பையும் களவு போனால் யாரிடம், எதற்குள், எவ்வளவு?

இரவு நிறுத்திய இடத்தில் காலையில் எண்ணெய்க் கறை மட்டும் கிடக்கிறது. அல்லது கார் அங்கேயே நிற்கிறது. கண்ணாடி உடைந்து இருக்கை முழுவதும் சில்லுகள், பின்னால் வைத்திருந்த பை இல்லை. சிரம்பான், லோபாக் வட்டாரத்திலிருந்து விடியுமுன் தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் கிளம்புவோருக்கு அன்றைய சம்பளமே இதனால் போய்விடக்கூடும். எந்த அலுவலகத்தின் படியை முதலில் ஏறுவது என்பதிலும் குழப்பம் நிலவுகிறது. உரிமம், சாலை வரி, வங்கிப் புகார் ஆகியவற்றின் நடைமுறைகள் அண்மை ஆண்டுகளில் மாறியிருப்பதால், முன்பு அனுபவப்பட்டவர்கள் சொல்லும் யோசனையும் எல்லா நேரத்திலும் பொருந்துவதில்லை. பரவலாக எழும் சந்தேகங்களும் அவற்றுக்கான விளக்கங்களும் வருமாறு:

காரைக் காணோம் என்றதும் முதலில் யாரை அழைப்பது? போலீசையா, காப்புறுதி ஏஜெண்டையா?

போலீசைத்தான். அவசர எண் 999. புகார் நகல் இல்லாமல் காப்புறுதி நிறுவனமோ வங்கியோ அடுத்த கட்டத்துக்குப் போகாது என்பதால், ஏஜெண்டை முதலில் அழைத்தாலும் அவரும் போலீஸ் நிலையத்துக்கே அனுப்பிவைப்பார்.

காரை வங்கி இழுத்துச் சென்றிருக்குமோ?

தவணை பாக்கி இருந்தால் அந்த வாய்ப்பும் உண்டு. 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து 2 தவணைகள் கட்டாமல் இருந்து, 21 நாள் எழுத்துமூல அறிவிப்பும் கொடுத்த பிறகே வங்கி காரைப் பறிமுதல் செய்ய முடியும். அப்படி எந்தக் கடிதமும் வரவில்லை என்றால் களவாகவே கருதிப் புகார் செய்வது சரி. தடை செய்யப்பட்ட இடத்தில் நிறுத்திய காராக இருந்தால் சிரம்பான் மாநகர் மன்றத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

கார் காணாமல் போனது நீலாயில், வீடு லோபாக்கில். எந்த நிலையத்தில் புகார் கொடுப்பது?

எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். நாட்டின் எந்தப் பகுதியில் நடந்த குற்றமானாலும் அதுபற்றிய தகவலை ஏற்றுக்கொள்வது போலீஸ் அதிகாரியின் கடமை எனக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆவது பிரிவு கூறுகிறது. ‘இது எங்கள் வட்டாரம் இல்லை’ என்று திருப்பி அனுப்ப அதில் இடமில்லை. புகார் பின்னர் சம்பவம் நடந்த மாவட்டத்துக்கு மாற்றப்படும்.

மலாய் சரளமாக எழுத வராதவர்கள் என்ன செய்வது?

வாய்மொழியாகச் சொன்னாலே போதும். அதை எழுத்தில் பதிந்து, புகார்தாரருக்குப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்று அதே 107ஆவது பிரிவு சொல்கிறது. தோட்டத்திலேயே காலம் கழித்த முதியவர்கள், மலாய் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் சென்று படித்துக் காட்டுவதைக் கேட்டுச் சரிபார்ப்பது நல்லது. பதிவு எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் பின்னால் அலைச்சல்தான்.

புகாரில் என்னென்ன இருக்க வேண்டும்?

காரின் பதிவு எண், ரகம், நிறம், கடைசியாக நிறுத்திய இடம், பூட்டிய நேரம், காணவில்லை என்று தெரிந்த நேரம், மாற்றுச் சாவி யாரிடம் உள்ளது ஆகியவை அவசியம். அடிச்சட்ட எண்ணும் என்ஜின் எண்ணும் காப்புறுதிப் பத்திரத்திலேயே அச்சாகியிருக்கும். காருக்குள் இருந்த ஒவ்வொரு பொருளும், அதாவது மைகாட் எனும் அடையாள அட்டை, வங்கி அட்டை, உரிமம், கைப்பேசி, வீட்டுச் சாவி, கிராண்ட் எனும் வாகனப் பதிவுப் பத்திரம் என எல்லாமே, தனித்தனியாகப் பெயர் சொல்லிப் பதியப்பட வேண்டும். ‘பையும் அதிலிருந்த பொருட்களும்’ என்று பொதுப்படையாக எழுதப்பட்ட புகார், பிறகு ஒவ்வொரு கவுண்டரிலும் கேள்விக்கு உள்ளாகிறது.

இல்லாத நகையையும் பணத்தையும் பட்டியலில் சேர்த்தால் என்ன ஆகும்?

பொய்த் தகவல் கொடுத்ததற்காகத் தண்டனைச் சட்டத்தின் 182ஆவது பிரிவின் கீழ் 6 மாதம் வரை சிறை, 2,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். காப்புறுதிக் கோரிக்கை முழுவதும் நிராகரிக்கப்படவும் அதுவே காரணமாகலாம்.

வங்கி அட்டைகள் போய்விட்டன. போலீஸ் நிலையம் போய் வந்த பிறகு வங்கியை அழைத்தால் போதாதா?

போதாது, தாமதிக்கக்கூடாது. ஒரு முறைக்கு 250 வெள்ளி வரை இரகசிய எண் இல்லாமலே அட்டையைத் தொட்டுப் பணம் கட்ட முடியும் என்பதால், நிலையத்துக்குப் போகும் வழியிலேயே வங்கியின் 24 மணி நேர எண்ணை அழைத்து அட்டையை முடக்க வேண்டும். தொலைந்த அல்லது களவுபோன கடன் அட்டையில் பிறர் செய்த செலவுக்கு உரிமையாளரின் பொறுப்பு 250 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது என்பது பேங்க் நெகாரா விதி. ஆனால், உரிமையாளர் மோசடி எதுவும் செய்திருக்கக்கூடாது. இயன்ற விரைவில் வங்கிக்குத் தெரிவித்திருக்கவும் வேண்டும். இரகசிய எண்ணை அட்டையுடன் எழுதி வைத்திருந்தவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம்.

கைப்பேசியும் போய்விட்டது. அதன் வழியே வங்கிப் பணம் வெளியேறிவிட்டால்?

உடனடியாக வங்கியையோ, தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணையோ அழைக்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இந்த மையம், இணைய மோசடியில் போன பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் தடுக்க முயல்கிறது. காணாமல் போன அடையாள அட்டை, கார் போன்றவற்றுக்கு 997 பொருந்தாது, அவற்றுக்குப் போலீஸ் புகார்தான். தொலைபேசி நிறுவனத்திடம் சொல்லி சிம் அட்டையையும் முடக்கினால்தான், வங்கி அனுப்பும் குறியீட்டு எண்கள் திருடன் கைக்குப் போகாமல் இருக்கும்.

மைகாட் எடுக்க எங்கே போவது? அபராதம் கட்ட வேண்டுமா?

தேசியப் பதிவுத் துறையின் எந்தக் கிளையிலும் விண்ணப்பிக்கலாம்; விரல் ரேகை பதிய வேண்டும் என்பதால் உரியவரே நேரில் போக வேண்டும். கவனக்குறைவால் தொலைத்தவருக்குத் தண்டத் தொகை உண்டு. அடுத்தடுத்த முறை தொலைத்தால் அது கூடும். களவு, வழிப்பறி போன்ற குற்றத்தில் பறிபோனது என்று போலீஸ் புகார் நகலைக் காட்டினால் அந்தத் தண்டம் இல்லை. புகாரில் மைகாட் என்ற சொல் இருக்க வேண்டும் என்று வலியுறுத்துவது இதற்காகத்தான்.

அடையாள அட்டையைக் காட்டி என் பெயரில் யாராவது கடன் வாங்கிவிட முடியுமா?

அத்தகைய முயற்சி நடக்காது என்று சொல்வதற்கில்லை. பேங்க் நெகாரா நடத்தும் ‘சிசிரிஸ்’ பதிவில் ஒருவர் பெயரில் உள்ள கடன்கள் இடம்பெறும். அந்த அறிக்கையை இணையத்தில் கட்டணமின்றிப் பெறலாம். அடுத்த சில மாதங்களுக்கு அதை அவ்வப்போது பார்த்து வருவது நல்லது. தெரியாத கடன் தென்பட்டால் புகார் நகலுடன் சம்பந்தப்பட்ட வங்கிக்கு எழுத வேண்டும்.

உரிமமும் சாலை வரி ஒட்டுவில்லையும் காருடன் போய்விட்டன. புதிதாக எடுக்கும் வரை வேறு வாகனம் ஓட்டலாமா?

ஓட்டலாம். உரிமத்தையும் சாலை வரியையும் சாலைப் போக்குவரத்துத் துறையின் மைஜேபிஜே செயலியில் மின்னியல் வடிவில் காட்டினால் போதும். தனியார் வாகனங்களில் ஒட்டுவில்லையை ஒட்ட வேண்டியதில்லை என்று 2023 பிப்ரவரி 10ஆம் தேதி அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக். கைப்பேசியும் களவு போயிருந்தால், வேறொரு கைப்பேசியில் அதே கணக்கின் வழி செயலியைத் திறந்துகொள்ளலாம்.

வீட்டுச் சாவியும் பையில்தான் இருந்தது. அதற்கும் ஏதாவது செய்ய வேண்டுமா?

அன்றைக்கே பூட்டை மாற்றுவது பாதுகாப்பு. மைகாட்டில் வீட்டு முகவரி அச்சாகியிருக்கிறது. சாவியும் முகவரியும் ஒரே கைக்குப் போயிருக்கின்றன. தானியங்கிக் கேட் ரிமோட் காரில் இருந்திருந்தால் அதையும் செயலிழக்கச் செய்ய வேண்டும்.

கண்ணாடியில் ஆர்எஃப்ஐடி வில்லை இருக்கிறது. திருடன் டோல் கடந்தால் பணம் யாருக்குப் போகும்?

அந்த வில்லை உரிமையாளரின் டச் அன் கோ மின்பணப்பையுடன் இணைந்திருப்பதால், கட்டணம் அவர் கணக்கிலிருந்தே கழியும். அதை முடக்கச் சொல்வதற்கு முன், எந்த டோல் சாவடியில் எந்த நேரத்தில் பணம் கழிந்தது என்ற பதிவைப் படமெடுத்து விசாரணை அதிகாரியிடம் கொடுப்பது பயன் தரும். கார் எந்தத் திசையில் போனது என்பதற்கு அதுவே தடயமாகலாம்.

எல்லா காப்புறுதியும் கார் களவுக்குப் பணம் கொடுக்குமா?

இல்லை. முழுமைக் காப்புறுதியும், ‘மூன்றாம் தரப்பு, தீ, திருட்டு’ வகைக் காப்புறுதியும் களவுக்கு இழப்பீடு தரும். சாலை வரி எடுப்பதற்காக மட்டும் பழைய கார்களுக்கு வாங்கப்படும் வெறும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியில் ஒரு காசும் வராது.

காப்புறுதி நிறுவனத்துக்கு எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்?

வழக்கமான மோட்டார் பாலிசியில் 7 நாட்கள். சம்பவத்தில் காயமடைந்து மருத்துவமனையில் இருப்பவருக்கு 30 நாட்கள் அல்லது இயன்ற விரைவில் என்ற சலுகை உண்டு. புகார் நகல், பாலிசி, இருக்கும் சாவிகள் அனைத்தும் கேட்கப்படும். மாற்றுச் சாவி இல்லை என்றால் அதற்குக் காரணமும் எழுதிக் கேட்பார்கள்.

தெரிந்தவர் ஒருவர் இரவல் வாங்கிச் சென்று காரை விற்றுவிட்டார். இதுவும் திருட்டுதானே?

பேச்சு வழக்கில் திருட்டு. பாலிசியின் கண்ணில் அது நம்பிக்கை மோசடி. ஏமாற்றுதல், நம்பிக்கை மோசடி ஆகியவற்றால் ஏற்படும் இழப்பை வழக்கமான பாலிசி விலக்கி வைத்திருக்கிறது. வங்கிக் கடன் முடியாத காரை ‘சம்போங் பாயார்’ முறையில் வேறொருவரிடம் ஒப்படைத்தவர்கள் இந்தப் பள்ளத்தில்தான் விழுகிறார்கள்: கார் கையில் இல்லை, காப்புறுதி கிடையாது, கடன் மட்டும் பழைய பெயரிலேயே இருக்கும். சாவியைக் காரிலேயே விட்டு இறங்கியதும் போதிய கவனம் எடுக்காததாகக் கருதப்பட்டுக் கோரிக்கை சிக்கலாகலாம்.

கடன் இன்னும் முடியவில்லை. கார்தான் போய்விட்டதே, தவணையை நிறுத்தலாமா?

நிறுத்தக்கூடாது. காப்புறுதிப் பணம் வங்கிக்கு வந்து கணக்கு தீரும் வரை தவணை தொடரும். கட்டாத மாதங்கள் சிசிரிஸ் பதிவில் ஏறும். சந்தை மதிப்பின் அடிப்படையிலான பாலிசியில் களவு போன நாளின் சந்தை மதிப்பு அல்லது காப்புறுதித் தொகை, இவற்றில் குறைவானதே கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 30,000 வெள்ளிக்குக் காப்புறுதி செய்த காரின் சந்தை மதிப்பு 25,000 வெள்ளி, கடன் பாக்கி 28,000 வெள்ளி என்றால், 25,000 வெள்ளியும் வங்கிக்கே போகும்; மீதி 3,000 வெள்ளியைக் கடன் வாங்கியவர் கட்ட வேண்டும்.

பணம் எப்போது வரும்? கோரிக்கை செய்யாதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் என்சிடி சலுகை போய்விடுமா?

அறிவித்த நாளிலிருந்து 6 மாதம் அல்லது போலீஸ் விசாரணை முடிவது, இவற்றில் எது முந்தியதோ அதுவரை காத்திருப்பது வழக்கம். களவுக்கு இழப்பீடு பெற்றால் என்சிடி பூஜ்யத்துக்கு இறங்கும். ஐந்து ஆண்டுகள் கோரிக்கை இல்லாமல் 55 விழுக்காடு சலுகை பெற்று, 1,000 வெள்ளி பிரீமியத்துக்கு 450 வெள்ளி கட்டி வந்தவர், அடுத்து அந்த முழு 1,000 வெள்ளியையும் கட்ட நேரும்.

காரில் இருந்த மடிக்கணினிக்கும் பணம் கேட்கலாமா?

மோட்டார் காப்புறுதி காருக்கு மட்டுமே. உள்ளிருந்த சொந்தப் பொருட்களுக்கு இல்லை. பிறகு பொருத்திய ஒலிச்சாதனம் போன்றவையும் பாலிசியில் தனியாகக் குறிக்கப்பட்டிருந்தால்தான் சேரும்.

காப்புறுதி நிறுவனம் மறுத்துவிட்டால்?

முதலில் அந்த நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுத வேண்டும். அதன் இறுதி முடிவிலும் உடன்பாடு இல்லை என்றால், 6 மாதத்துக்குள் நிதிச் சந்தை நடுவர் சேவையை நாடலாம். பயனீட்டாளருக்குக் கட்டணம் கிடையாது. முன்பு நிதிச் சேவை நடுவர் அமைப்பு என்று இயங்கியது, 2025 ஜனவரி 1 முதல் இந்தப் பெயரில் செயல்படுகிறது.

களவு போன காருக்கு சம்மன் வந்தால் யார் கட்டுவது?

களவுக்குப் பிந்திய குற்றமானால் உரிமையாளர் கட்ட வேண்டியதில்லை. புகார் நகலைக் காட்டி ஆட்சேபிக்க வேண்டும். சம்மனில் உள்ள நேரமும் புகாரில் எழுதிய நேரமும் ஒப்பிடப்படும். புகாரை இரண்டு நாள் தள்ளிப் போட்டவருக்கு அந்த இடைவெளியை விளக்குவது எளிதல்ல.

மாதக்கணக்கில் பதிலே இல்லை. விசாரணை நிலவரத்தைக் கேட்கப் புகார்தாரருக்கு உரிமை உண்டா?

உண்டு. புகார் கொடுத்து 4 வாரம் கடந்த பிறகு, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவின் கீழ் அந்த நிலையப் பொறுப்பதிகாரியிடம் நிலவர அறிக்கை கேட்கலாம். கோரிக்கை கிடைத்த 2 வாரத்துக்குள் அவர் கொடுக்க வேண்டும். கொடுக்கத் தவறினால் அரசு வழக்கறிஞரிடம் முறையிடலாம்.

கார் பிறகு கிடைத்துவிட்டால் அது யாருக்குச் சொந்தம்?

இழப்பீடு கொடுக்கப்படுவதற்கு முன் கிடைத்தால் உரிமையாளருக்கே. சேதங்களைக் காப்புறுதியின் வழி பழுதுபார்க்கலாம். இழப்பீடு கொடுத்த பின் கிடைத்தால் கார் காப்புறுதி நிறுவனத்துக்குப் போகும். இரண்டிலுமே, தடயச் சோதனை முடிந்து விசாரணை அதிகாரி விடுவிக்கும் வரை கார் போலீஸ் வளாகத்திலேயே நிற்கும்.