கப்பல் புழுவுக்குக் கல்வராயன் தண்ணீர்

கல்வராயன் மலையில் பாய்மரப் படகைத் தேடினால் கிடைக்காது. கரியாலூரில் சுற்றுலா வருகிறவர்களுக்குப் படகு சவாரி உண்டு, அதோடு சரி. ஆனாலும் அந்த மலையில் பெய்யும் மழைக்கும் கடலோர மரப்படகுகளின் ஆயுளுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. மலைநீர் கோமுகி ஆறாக இறங்கி, கள்ளக்குறிச்சிப் பக்கம் பாய்ந்து, மணிமுத்தாற்றோடு சேர்கிறது. மணிமுத்தாறு விருத்தாசலம் வழியே போய் வெள்ளாற்றில் கலக்க, வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது.

இப்படிப்பட்ட முகத்துவாரங்களில் மரப்படகுக்கு முதல் எதிரி கப்பல் புழு. பெயர்தான் புழு, பிறப்பால் அது மட்டி, சிப்பிகளின் பங்காளி. தலைப்பக்கம் இருக்கும் இரண்டு சின்ன ஓடுகளை அரமாக வைத்து மரத்தை ராவிக்கொண்டே உள்ளே போகும். குஞ்சாக நுழையும்போது போட்ட துளை ஊசிமுனை அளவுதான். அதனால் பலகை வெளியே பத்திரமாகத் தெரியும்; உள்ளே தேனடை. ராவிய மரத்தூளைச் செரிக்க உதவும் பாக்டீரியாக்கள் அதன் செவுள்களிலேயே குடியிருக்கின்றன.

இதைக் கொல்லப் படகைக் கரையேற்றிக் காயப்போடலாம், அல்லது நன்னீரில் நிறுத்தலாம். ஓரிரு நாளில் வேலை முடியாது. ஆபத்து என்று தெரிந்ததும் புழு வளையின் வாயை மூடிக்கொண்டு நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளாறு பெருகும்போது முகத்துவாரத்தின் உப்பு வெகுவாக இறங்கும்; கோடையில் கடலளவுக்கு ஏறும். பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இந்த ஏற்றஇறக்கத்தை நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறது. மழைக்காலத்தில் ஆற்றுக்குள் கட்டிப்போட்ட மரப்படகுக்கு மலைத்தண்ணீரே பூச்சிமருந்து.

கட்டுமரக்காரர்கள் மற்ற வழியைப் பிடித்துக்கொண்டார்கள். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவார்கள். புழுவுக்காக மட்டும் அல்ல. எந்த மரமானாலும் அதன் செல்சுவர் தண்ணீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. மரத்தை மிதக்கவைப்பது நுண்ணறைகளில் அடைபட்ட காற்று. நீர் ஊறினால் அந்தக் காற்று வெளியேறும், மரம் அமிழும். படகைப் போல உள்ளே வெற்றிடம் இல்லாத கட்டுமரத்துக்கு இது உயிர்ப் பிரச்சினை.

பலகைப் படகுக்கோ அதிகம் காய்வதே கேடு. காய்ந்த பலகை நீளத்தில் அநேகமாகக் குறையாது, அகலத்தில் சுருங்கும். இணைப்புகள் வாய் பிளக்கும். அதில் பஞ்சோ கயிற்று நாரோ திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் பூசுவதுதான் கலப்பத்து. இறக்குவதற்கு முன் ஈரச்சாக்கு போர்த்தி ஊறவைத்தால் பலகைகள் உப்பி ஒன்றையொன்று நெருக்கும். கள்ளக்குறிச்சி விவசாயிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்: வெயிலில் கழன்று ஆடும் மாட்டுவண்டிச் சக்கரத்தைக் குட்டையில் இறக்கி ஊறப்போடுவதும் இதே கணக்குதான்.

இப்போது கடற்கரையில் பெரும்பாலும் ஃபைபர் படகுகள். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருப்பதால், அடியில் ஒட்டிய கொட்டலசைச் சுரண்டுவதும் பெயின்ட் அடிப்பதும் பெரும்பாலும் அப்போது நடக்கும். ஃபைபருக்கு ஊறல் பயம் இல்லை என்று நினைக்க வேண்டாம். வெளிப்பூச்சு வழியே நீர் மெல்லக் கசிந்து, உள்ளே மிஞ்சிய வேதிப்பொருளைக் கரைக்கும். அந்தக் கரைசல் சவ்வூடு பரவலால் மேலும் நீரை இழுத்துக் கொப்புளமாக வீங்கும். அதைச் சரிசெய்யவும் படகை வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். பாய்மரப் படகின் பாலியெஸ்டர் பாய்க்கோ அதே வெயில் எமன். புற ஊதாக் கதிர் இழையை அரித்துவிடும்.

பருத்திப் பாயின் நோய் வேறு, பூஞ்சை. ஈரத்தோடு மடித்துவைத்தால் தொலைந்தது. இங்கிலாந்து மீனவர்கள் இந்தியா, பர்மா காடுகளிலிருந்து போன காசுக்கட்டியைக் கொதிக்கவைத்து அதில் பாயை முக்கி எடுத்தார்கள். அதில் உள்ள துவர்ப்பொருள் பூஞ்சையின் நொதிகளைக் கட்டிப்போடும். கல்வராயன் மலைமக்கள் பொறுக்கிவரும் கடுக்காயிலும் துவர்ப்பொருள் ஏராளம். அது தோல் பதனிடப் போனது. காசுக்கட்டி பாய்க்குப் போய், பழைய ஓவியங்களில் வரும் அந்தச் செந்தவிட்டு நிறத்தைக் கொடுத்தது.