மலைக்காட்டு விருந்தாளிகள்

மெக்சிக்கோவின் மிச்சோவாக்கான் மலைக்காட்டுக்கு ஒரு பெப்ரவரிக் காலையில் சென்றேன். 3000 மீற்றர் உயரம், மூச்சு வாங்கியது. ஊசியிலை மரங்களிற் சருகுகள் தொங்குவதாகவே எண்ணினேன். வெயில் பட்டதும் அவை செம்மஞ்சளாய் விரிந்தன. அத்தனையும் மொனாக் வண்ணத்துப்பூச்சிகள்! கனடாவிலிருந்துகூட வருகின்றன. சென்ற மாரியில் இங்கு தங்கியவற்றின் பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் இவை. வழிகாட்ட மூத்தோர் இல்லை.

இம்மரங்களே அவற்றுக்குக் குடையும் போர்வையும். நனைந்த பூச்சி உறைகுளிரைத் தாங்காது. மரத்தைத் தறித்தால் போர்வையில் ஓட்டை விழுகிறது. 2002 ஜனவரியில் மழையும் கடுங்குளிரும் சேர்ந்து வந்தபோது கோடிக்கணக்கில் மடிந்தன.

இறந்தோர் நாளையொட்டி நவம்பரில் வருவதால், மாண்டோரின் ஆவிகளென்று ஊரார் இவற்றைப் போற்றுவர். மரம் தறித்தோரிலும் அவ்வூரார் உண்டு, அடுப்பெரிய வேண்டுமே! தானும் ஒருகாலம் கோடரி பிடித்தவர்தான் என்றார், என்னை அழைத்துச் சென்ற முதியவர்.