திரையில் ஒரு சாவு, வீட்டில் ஒரு துக்கம்

நெடுந்தொடர் ஒன்றில் பல ஆண்டுகள் வாழ்ந்த கதைமாந்தர் இறப்பதாகக் காட்டப்படும்போது, அது நடிப்பு என்று நன்கறிந்த பார்வையாளரும் கண்ணீர் விடுவதும், அதன் பின்னர்ச் சில நாள்கள் மனச்சுமையோடு இருப்பதும் பரவலாகக் காணப்படுகின்றன. இல்லாத ஒருவருக்காக இரங்குவது அறிவுக்குப் பொருந்துமா என்ற கேள்வியை, டால்ஸ்டாயின் அன்னா கரீனினாவை முன்வைத்து, ஆங்கிலேய மெய்யியலாளர் காலின் ராட்ஃபோர்ட் 1975இல் எழுப்பினார். 'புனைவின் முரண்' என்ற பெயரில் அவ்விவாதம் இன்னும் தொடர்கிறது. தமிழ் மரபோ இத்தகைய அழுகைக்கு முன்பே இடமளித்திருந்தது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அழுகை தோன்றும் களங்களாகப் பிறரால் இகழப்படுதல், இழத்தல், தன்னிலை தாழ்தல், வறுமை ஆகிய நான்கைச் சொல்ல, உரையாசிரியர் பேராசிரியர் தன் துயரால் அழுவதையும் பிறர் துயர் கண்டு அழுவதையும் இரண்டாகப் பிரித்து, இரண்டையும் மெய்யான அழுகையாகவே கொண்டார்.

ஒருதலை உறவு

இவ்வகைப் பற்றை நவீன உளவியல் 'ஒருதலைச் சமூக உறவு' என்ற கருத்தால் விளக்குகிறது. பார்வையாளர் திரையில் தோன்றுபவரை நன்கறிந்து, அவர் மீது அன்போ சினமோ கொண்டிருக்க, மறுபக்கத்தில் உள்ளவருக்கு அப்பார்வையாளர் இருப்பதே தெரியாத உறவு இது. டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற அமெரிக்க அறிஞர்கள் இருவர் 1956இல் வெளியிட்ட கட்டுரையில் இதனை முதன்முதலில் வகுத்துரைத்தனர்.

இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும் திரைப்படத்தைவிட நெடுந்தொடர் இவ்வுறவை ஆழமாக்குவதற்குக் காரணம், வாரத்தின் பெரும்பாலான நாள்களில், குறித்த நேரத்தில், வீட்டுக்குள்ளேயே, குடும்பத்தார் உண்டும் பேசியும் இருக்கும் வேளையில் அம்மாந்தர் வந்து செல்வதே ஆகும். தமிழகத்தில் 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகளை வழங்கியதால், சிற்றூர்களின் எளிய வீடுகளிலும் இப்பழக்கம் வேரூன்றியது. அடிக்கடி காணும் எதன் மீதும் விருப்பம் வளரும் என்று 1968இல் உளவியலாளர் ராபர்ட் சையான்ஸ் சோதனைகளால் காட்டிய இயல்பும் இங்கே துணைசெய்கிறது.

மூளை என்ன செய்கிறது?

மூளை உண்மையையும் புனைவையும் முற்றிலும் குழப்பிக்கொள்வதில்லை. அன்னா ஆபிரகாமும் அவருடைய குழுவினரும் 2008, 2009 ஆண்டுகளில் வெளியிட்ட மூளைப் படிம ஆய்வுகளில், தன்னைப் பற்றியும் தனக்கு வேண்டியவர்களைப் பற்றியும் நினைக்கும்போது இயங்கும் மூளையின் முன்புற நடுப்பகுதி, நண்பர்களைப் பற்றிய சிந்தனையில் மிகுதியாகவும், புகழ்பெற்றவர்களைப் பற்றிய சிந்தனையில் அதனினும் குறைவாகவும், கற்பனை மாந்தரைப் பற்றிய சிந்தனையில் எல்லாவற்றிலும் குறைவாகவும் இயங்கியது. ஆகவே ஒருவர் தமக்கு எவ்வளவு வேண்டியவர் என்பதே அளவுகோலாக அமைகிறது என்று அவர்கள் கருதினர். இதன் மறுபக்கத்தை 2021இல் திமோதி புரூம், ராபர்ட் சாவெஸ், டிலன் வாக்னர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் பார்வையாளர்களைச் சோதித்தபோது, கதைமாந்தரோடு எளிதில் ஒன்றிவிடும் இயல்பினரிடம், தம்மைப் பற்றிய சிந்தனையும் தமக்குப் பிடித்த மாந்தரைப் பற்றிய சிந்தனையும் அம்மூளைப் பகுதியில் ஒன்றையொன்று ஒத்திருந்தன. நெடுநாள் பழகிய மாந்தர் சிலருக்கு 'வேண்டியவர்' பட்டியலில் சேர்ந்துவிடுகிறார் என்பதே இவற்றால் பெறப்படுவது.

துயரத்தின் அளவையும் ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். 2004இல் 'ஃபிரண்ட்ஸ்' தொடர் முடிவுக்கு வந்தபோது அமெரிக்க மாணவர்களிடம் கெரன் எயால், ஜோனதன் கோஹன் ஆகியோர் மேற்கொண்டு 2006இல் வெளியிட்ட ஆய்வில், பிரிவுத்துயரின் அளவைத் தீர்மானித்தவற்றுள் முதன்மையானது விருப்பமான மாந்தரோடு கொண்ட உறவின் செறிவு என்றும், தனிமையுணர்வும் அதற்குத் துணைக்காரணம் என்றும் தெரியவந்தது.

மூவகை இழப்புகள்

இந்தியத் தொடர்களில் இவ்விழப்பு மூன்று வகையாக நேர்ந்திருக்கிறது. முதலாவது, இறந்த மாந்தர் மீண்டது: 2000இல் தொடங்கிய 'கியூங்கி சாஸ் பி கபி பஹூ தி' என்ற இந்தித் தொடரில் அமர் உபாத்யாய் ஏற்ற மிஹிர் பாத்திரம் இறந்ததாகக் காட்டப்பட்டபோது எழுந்த கொந்தளிப்பு, அப்பாத்திரம் உயிரோடு திரும்பிவரக் காரணமாயிற்று. இரண்டாவது, கதைக்குள் முடிந்த சாவு: மளிகைக்கடை நடத்தும் அண்ணன் தம்பிகளின் கதையாகிய 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' தொடரில் 2021இல் தாய் லட்சுமி இறந்ததும், கடைசி மகன் உரிய நேரத்தில் வந்து சேர முடியாமற்போனதும், இறுதிச்சடங்கு முழுவதும் பல பகுதிகளாகக் காட்டப்பட்டன. மூன்றாவது, மாந்தர் நிலைத்திருக்க நடிகர் மறைந்தது: 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று மாரடைப்பால் காலமானபோது, அடக்குமுறை செய்யும் குடும்பத் தலைவனாக அவரை நாள்தோறும் திட்டித் தீர்த்தவர்களும் கலங்கினர்; பின்னர் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அப்பாத்திரத்தை ஏற்றபோது, முகம் மாறிய அதே மாந்தரைப் பழகிக்கொள்ளும் வேலை பார்வையாளருக்கு நேர்ந்தது. வெறுப்பும் ஓர் உறவே என்பதையும், ஒருதலை உறவு நல்லவர் மீது மட்டும் வளர்வதில்லை என்பதையும் இந்நிகழ்வு காட்டிற்று.

கூத்து கண்ட வழி

தொடர்களுக்கு முன்பே காஞ்சிபுர வட்டாரம், இழப்பின் துயரைக் கையாளக் கூத்தைப் பயன்படுத்திக்கொண்டது. இங்குள்ள திரௌபதி அம்மன் திருவிழாக்களில் இரவெல்லாம் நடக்கும் பாரதக் கூத்தில், கர்ணன் விழுவதும் பொன்னுருவி புலம்புவதும் ஊரே கூடி அழும் கட்டங்கள். கர்ணனின் சாவைச் சொல்லும் அதே 'கர்ண மோட்சம்' கூத்து இறந்தவருக்குச் செய்யும் காரியத்தையொட்டியும் ஆடப்படுவதால், புனைவின் துயரம் வீட்டின் துயரத்துக்கு வாய்க்காலாகிறது.

இதற்கு உடலியல் அடிப்படையும் இருக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பாரும் குழுவினரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், துயரக் கதை ஒன்றைக் கூட்டமாகப் பார்த்து உள்ளம் உருகியவர்களிடம் வலியைத் தாங்கும் ஆற்றலும் உடனிருந்தோர் மீதான நெருக்கமும் கூடின. உடலே சுரக்கும் வலிநீக்கியாகிய எண்டார்ஃபின் இதற்குக் காரணமாகலாம் என்று அவர்கள் கருதினர். தொடரோ பெரும்பாலும் தனித்தனி வீடுகளில் பார்க்கப்படுகிறது. சாவு காட்டப்பட்ட மறுநாளே கதை வேறொரு சிக்கலுக்குத் தாவிவிடுகிறது. கூத்தில் உள்ள கூட்டமும் முடிவும் இங்கே இல்லை.

வெளியே சொன்னால் நகைப்பார்கள் என்று அடக்கப்படும் துக்கத்தை, அமெரிக்க அறிஞர் கென்னத் டோகா 1989இல் 'ஏற்பு மறுக்கப்பட்ட துக்கம்' என்று வரையறுத்தார். அண்மையில் உறவினரை இழந்தவர்கள், தனித்து வாழும் முதியோர் ஆகியோரிடம் தொடர்மாந்தரின் சாவு பழைய இழப்பைக் கிளறிவிடக்கூடும். எனவே "கதைக்குப் போய் அழுவார்களா" என்று வீட்டில் கேலி செய்வதைத் தவிர்த்து, உடனமர்ந்து பேசவிடுவதே முறை. சிறுவர்களுக்கு நடிகர் வேறு, மாந்தர் வேறு என்பதை விளக்கிச் சொல்லலாம். துயரம் வாரக்கணக்கில் நீடித்து உறக்கத்தையும் உணவையும் பாதித்தால், அதன் வேர் தொடரில் இல்லாமல் வேறோர் இழப்பில் இருக்கக்கூடும். அந்நிலையில் மனநல மருத்துவரை அணுக வேண்டும். நடுவண் அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416இல் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.